கண்ணாடி நூல் இழுக்க எந்தக் கருவி?

கண்ணாடியை நூல் போல இழுக்க முடியுமா? முடியும்!

இத்தாலியில், வெனிஸ் நகருக்கு அருகே முரானோ என்ற தீவு இருக்கிறது. தீ விபத்துக்குப் பயந்து, 1291-ம் ஆண்டில் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை இந்தத் தீவுக்கு மாற்றியது. அங்கே கண்ணாடிக் கம்பியைத் தீச்சுடரில் உருக்கி, அழகிய மணிகள் செய்கிறார்கள். மணியின் மேல் பூவும் கொடியும் வரைய, 1 அல்லது 2 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி நூல் தேவை.

கம்பியின் நுனியை உருக்கி, உருண்டையாக்கி, பிடித்து இழுக்க வேண்டும். எதைக் கொண்டு பிடிப்பது?

சிலர் குறடு வாங்குகிறார்கள். வேண்டாம் என்பேன். குறட்டின் வாய் பெரியது. குளிர்ந்த இரும்பு பட்டதும் கண்ணாடி இறுகிவிடும். இறுகிய பகுதி நூலாக வராது. வீண்தான்!

இன்னொரு கண்ணாடிக் கம்பியை ஒட்டவைத்து இழுப்பவர்களும் உண்டு. நல்ல முறைதான். ஆனால் இரண்டும் ஒரே வகைக் கண்ணாடியாக இருக்க வேண்டும். வேறு வகை கலந்துவிட்டால், மணி ஆறும்போது வெடித்துவிடும்.

புதிதாகப் பழகுவோருக்கு நீளமான எஃகுச் சாமணமே போதும். நுனியில் பல் இருந்தால் வழுக்காது. நீளம் இருந்தால் விரல் சுடாது. பிளாஸ்டிக் பிடி போட்டது கூடாது, உருகிவிடும்.

மிச்சப்படும் பணத்தில், கண்ணைக் காக்கும் மூக்குக் கண்ணாடி வாங்குங்கள்!

சாமணம் பிடிக்கத்தான் செய்யும். நூலை நூலாக்குவது கை. தீயிலிருந்து எடுத்ததும் சற்றுப் பொறுக்க வேண்டும். முதலில் மெதுவாகவும், பிறகு வேகமாகவும் இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் மயிரிழையாகி அறுந்துவிடும்.

அந்தப் பொறுமை எந்தக் கடையிலும் விற்பதில்லை!