வரிச் சட்டத்தின் கண்ணில் படாத குடும்பம்

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த பட்ஜெட், புதிய முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்றது. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75 ஆயிரத்தையும் சேர்த்தால் 12.75 லட்சம். இதற்காக அரசு விட்டுக்கொடுத்த வருவாய் சுமார் ஒரு லட்சம் கோடி. நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்த நல்ல காலம் என்று பேசினார்கள். சலுகை பெரியதுதான், ஆனால் போய்ச் சேர்ந்தது தனி ஆளுக்கு. கணவனும் மனைவியும் தலா 12 லட்சம் சம்பளம் வாங்கும் வீட்டில் வரி ஒரு பைசா இல்லை. ஒருவர் மட்டும் 24 லட்சம் வாங்கும் வீட்டில் செஸ்ஸோடு சேர்த்து 2,92,500 ரூபாய். 24 லட்சம் வாங்குபவருக்கு என்ன பரிதாபம் என்று கேட்கலாம். சரி, 15 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். தனிக்கட்டையாக இருப்பவரும், பெற்றோர், மனைவி, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேரைத் தாங்குபவரும் கட்டுவது அதே 97,500 ரூபாய்தான்.

பழைய முறையும் தனி ஆளைத்தான் வரிதாரராகப் பார்த்தது. ஆனாலும் குடும்பத்தின் சாயல் அதில் ஆங்காங்கே இருந்தது: பிள்ளைகளின் கல்விக் கட்டணம், வயதான பெற்றோருக்கான மருத்துவக் காப்பீடு, மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் செலவு. புதிய முறையில் இவை எதுவும் கிடையாது. வேண்டுமென்றால் பழைய முறையில் இருந்துகொள்ளலாமே என்பார்கள். இருக்கலாம், ஆனால் அங்கே அடிப்படை வரம்பு 2014இலிருந்து 2.5 லட்சத்திலேயே நிற்கிறது, 10 லட்சத்தைத் தாண்டினால் 30 சதவீதம். 2024 ஜூலை இறுதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தவர்களில் 72 சதவீதம் பேர் புதிய முறைக்குப் போனதில் வியப்பில்லை. இத்தனைக்கும், குடும்பத்தைக் கணக்கில் எடுப்பது நமக்குப் புதிதல்ல. 1955இல் சி.டி. தேஷ்முக் தந்த பட்ஜெட்டில் மணமானவருக்கு வரிவிலக்கு வரம்பு 2,000 ரூபாய், மணமாகாதவருக்கு 1,000.

கணவன், மனைவி சேர்ந்தே கணக்குத் தாக்கல் செய்ய இடம் கொடுக்கலாம் என்பது பட்டயக் கணக்காளர் கழகத்தின் யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது; எனக்கு அதில் உடன்பாடில்லை. இரு வருமானத்தையும் சேர்த்துப் பாதியாக்கி வரி போடும் ஜெர்மனியில், குறைவாகச் சம்பாதிக்கும் துணைவரின் முதல் யூரோவே உயர்ந்த வரியில் விழுகிறது. மனைவியர் முழுநேர வேலைக்குப் போக அது தடையாகிறது என்பது அங்கே நெடுநாள் குறை. வேலைக்குப் போகும் பெண்கள் ஏற்கெனவே குறைவாக உள்ள நாட்டில் அது வேண்டாத விஷப்பரீட்சை. சொந்த வருமானம் இல்லாத பெற்றோர், பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் என ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான தொகையைக் கழித்துக்கொள்ள விடுவதே போதும். கழிவு என்றாலே போலி ரசீது வரும் என்ற அச்சம் நியாயமானது. வாடகை ரசீதுகளில் நடந்த கூத்தை ஆடிட்டர்கள் அறிவார்கள். ஆனால் இங்கே ரசீதுக்கே வேலை இல்லை. யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்று ஆதார், பான் எண்களை வைத்துச் சரிபார்க்கலாம். ஒருவரை இரண்டு பேர் கணக்கில் காட்டினால் கணினியே பிடித்துவிடும்.

வருமான வரி கட்டுபவர்களே கொஞ்சம் பேர்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு என்ற கேள்விதான் கனமானது. பெரும்பாலான குடும்பங்களுக்கு வரி என்பது மளிகைக் கடை பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி. 12 லட்ச வரம்பால் அவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதனால்தான் புதிய கழிவுக்கான பணத்தை ஜிஎஸ்டியை ஏற்றித் தேடக் கூடாது என்கிறேன். அந்த ஒரு லட்சம் கோடியிலேயே, தனி ஆளுக்கான வரம்பைச் சற்றுக் குறைவாக உயர்த்தியிருந்தால் சார்ந்திருப்போருக்கு ஒரு பங்கு கிடைத்திருக்கும். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22இல் முழுதாக நீங்கியது. அம்மாவுக்குக் காப்பீடு எடுப்பவரை அந்த வரி கண்டுகொண்டது. அதே பிரீமியத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட மட்டும் புதிய முறையில் இன்னும் வழியில்லை.