ஐம்பதிலும் வளையும்

1/ ஆனையூர் கிளினிக்கிற்கு சுகர், பிபி பார்க்க வர்ற நாற்பத்தைந்து வயசுக்காரங்க பலர் சொல்றது: "இனிமே என்ன சார் மண்டையில ஏறப்போகுது? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

வளையும். ஏன்னு சொல்றேன்.

2/ நாற்பதுக்கு மேல் மூளையின் வேகம் குறையும், உண்மை. பெயர் சட்டுனு வாய்க்கு வராது. ஆனா வேகம் மட்டுமே அறிவு இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் 1956ல் தொடங்கிய ஆய்வு, ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தது. சொல்வளமும் பகுத்து யோசிக்கும் திறனும் நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தன.

3/ நம்ம மதுரையையே பாருங்க. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவர் ஆகும் எண்ணத்தை விட்டு, முப்பதுக்கு மேல் கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகினார்.

4/ 1976. 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அதே வருஷம் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மெக்டொனால்ட்ஸ் கடைகள் எங்கும் ஒரே தரத்தில் தர்ற முறையைக் கவனிச்சு, கண்புரை சிகிச்சைக்கும் அது ஆகுமான்னு யோசித்தார்.

5/ "அவர் மேதை சார்"னு சொல்வீங்க. உங்களை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லலை. தெரியாத விஷயத்துக்கு முன்னாடி மறுபடியும் மாணவரா உட்கார்ந்தார் பாருங்க, அதை மட்டும் எடுத்துக்கோங்க.

6/ என் கருத்து: நம்மை மந்தமாக்குறது வயசு மட்டுமில்லை. இருபது வருஷமா ஒரே வேலை, ஒரே பேச்சு, ராத்திரி போன். மொபைலில் புதிர் போட்டா அந்தப் புதிரில்தான் தேர்ச்சி வரும். தப்பு வந்தே தீரும் ஒன்றைக் கத்துக்கோங்க. நீச்சல், தையல், மிருதங்கம், புது மொழி. ஆட்களோடு சேர்ந்து கத்துக்கிட்டா இன்னும் நல்லது. பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

7/ உடம்பையும் பார்க்கணும். 14 காரணிகளைச் சரிசெய்தால் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது 2024 லான்செட் அறிக்கை. கெட்ட கொழுப்பு, பிபி, சுகர், புகை, நடக்காமலே இருப்பது எல்லாம் அதில் உண்டு. காது கேளாமையும் உண்டு. கண்ணாடி போட வெட்கப்படாத நாம காது மெஷினுக்கு ஏன் கூச்சப்படணும்? காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார். ஒதுங்கினா மூளைக்கு வேலை குறையும்.

8/ மறதி கூடினா "வயசாச்சு"ன்னு விடாதீங்க. தைராய்டு, பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் சிகிச்சைக்குக் கட்டுப்படும். பழகின தெருவிலேயே வழி தவறினா உடனே டாக்டரைப் பாருங்க.

9/ கடைசியா, வீட்டில் இருக்கிறவங்களுக்கு. 48 வயசு அம்மா ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கணும்னு கேட்டா, "இந்த வயசுல எதுக்கு?"ன்னு கேட்காதீங்க. அந்த ஒரு கேள்வியிலேயே எத்தனையோ பேர் கத்துக்கிறதை நிறுத்திட்டாங்க. வண்டியைப் பின்னாடி பிடிச்சுக்கோங்க, போதும்.