விளைந்த நெல் எவர் வீட்டிற்குச் சென்றது?



நம் இல்லங்களில் அன்றாடம் உலையிலிடும் அரிசி எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்று நட்டவர், நீர் பாய்ச்சியவர், அறுத்தவர், அடித்துத் தூற்றியவர் என அவ்வரிசை நீளும். வரிசையின் கடைசியில் நிற்பவருக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்பதை ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிர்பாராமல் கண்டுகொண்ட நிகழ்ச்சியை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

பங்களாதேஷ் விடுதலை பெற்று மூன்றாண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1974இல், கொடிய பஞ்சம் அந்நாட்டைத் தாக்கியது. அமெரிக்காவில் பயின்று 1972இல் தாயகம் திரும்பிய முஹம்மது யூனுஸ் அப்போது சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறைத் தலைவர். வகுப்பறையில் அழகழகான கோட்பாடுகளைப் போதித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் பசித்தவர் கூட்டம். தாம் போதிப்பதில் அவருக்கே பிடிப்பு அற்றுப்போயிற்று. பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த ஜோப்ரா என்னும் சிற்றூரையே பாடநூலாகக் கொள்வதெனத் தீர்மானித்து, மாணவர்களுடன் அங்கே நடந்தார்.

முதலில் அவர் கண்ணில் பட்டவை தரிசாய்க் கிடந்த வயல்கள். மழைக்காலப் போகம் முடிந்ததும் குளிர்காலம் முழுவதும் அந்நிலங்கள் சும்மாவே கிடந்தன. நீர் இல்லாமலா? ஆழ்குழாய்க் கிணறு ஒன்று ஊரிலேயே இருந்தது. இயந்திரத்தில் பழுதில்லை, நீருக்கான செலவை எவர் எவ்வளவு ஏற்பது என்னும் பிணக்கினால் அது ஓய்ந்து கிடந்தது! பாசன நீர்ப் பங்கீட்டில் உறவினரே ஒருவரோடொருவர் பேசாமற்போன ஊர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

1975ஆம் ஆண்டு குளிர்காலத்தில் யூனுஸ் ஊராரைக் கூட்டி ஒரு யோசனை சொன்னார். நிலமுடையோர் நிலத்தைத் தரட்டும். வாரத்திற்கு உழுவோர் உழைப்பைத் தரட்டும். எரிபொருள், விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றின் செலவு தம்முடையது. விளைச்சலில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நட்டம் வந்தால் அது தமக்கே. இதற்குத் 'தேபாகா' பண்ணை, அதாவது முப்பங்குப் பண்ணை என்று பெயர். முன்னர் 1946-47இல் வங்கத்தின் வாரக்குடிகள் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கேட்டுப் போராடிய இயக்கத்தின் பெயரும் அதுவே.

ஊரார் முதலில் ஐயுற்றனர், பின்னர் இசைந்தனர். குளிர்கால வயல்கள் பசுமை பூண்டன. விளைச்சலும் சிறப்பாகவே அமைந்தது. ஆனால் பேராசிரியருக்குரிய மூன்றில் ஒரு பங்கைச் சிலர் முழுமையாக அளக்கவில்லை. அவருக்கு 13,000 டாகா நட்டம். ஆயினும் அவர் மகிழ்ந்தார். தரிசு நிலத்தில் நெல் விளைந்துவிட்டதல்லவா? 1978இல் இத்திட்டத்திற்கு அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் விருதும் கிட்டிற்று.

அந்த மகிழ்ச்சியைக் கலைத்தவர்கள் களத்து மேட்டில் நின்ற பெண்கள். கதிர்களைக் காலால் மிதித்து வைக்கோலிலிருந்து நெல்லைப் பிரிப்பது அவர்கள் வேலை. சுவரை நோக்கி நின்று, கைக்கு எட்டியதைப் பற்றிக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை மிதிப்பார்கள். சாய்ந்து நிற்க நல்ல இடம் கிடைக்க வேண்டுமென்று விடியுமுன்னரே ஓடி வருவார்கள். கூலி, மிதித்த நெல்லில் பதினாறில் ஒரு பங்கு. பதினைந்து மரக்கால் களத்துக்காரருக்கு. ஒரு மரக்கால் மிதித்தவளுக்கு. அவர்களில் விதவைகள் உண்டு, கைவிடப்பட்டவர்கள் உண்டு. ஒரு முழம் நிலங்கூட இல்லாதவர்கள்.

இங்கேதான் பேராசிரியர் திகைத்து நின்றார். விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி நிலமுடையவர் வீட்டை நோக்கியே சென்றது. எவர் மிக ஏழையோ அவர் பங்கே மிகச் சிறியது. 'சிறு விவசாயி' என்று திட்ட ஏடுகளில் எழுதும்போது இந்தப் பெண் அதில் அடங்குவதில்லை. அவள் விவசாயியே அல்லவே! வேளாண் ஆய்வுகள் பலவும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. மூட்டை எவர் வாசலில் இறங்கியது என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்டதே ஜோப்ராவின் தனிச்சிறப்பென்பது என் கருத்து.

அதன் பிறகு அவர் நிலமற்றவர்களின் குடிசைகளைத் தேடிச் சென்றார். மூங்கில் முக்காலி முடையும் ஒரு பெண், மூங்கில் வாங்க வியாபாரியிடம் 5 டாகா கடன் பெற்று, முக்காலியை அவரிடமே விற்று 50 பைசா மிச்சம் கண்டாள். இவ்வாறு கடனில் சிக்கியோரைப் பட்டியலிடுமாறு மாணவி ஒருவரிடம் சொன்னார். 42 பேர், அனைவருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 856 டாகா! அதைத் தம் கையிலிருந்தே வட்டியில்லாமல் கொடுத்தார். நம்மிடையே 'அழகிய கடன்' என்று வழங்கும் அதே முறை. பின்னர் 1983இல் கிராமீன் வங்கியாக அது உருவெடுத்தபோது வட்டி இடம்பெற்றது. நம் வாசகர் பலருக்கு அதில் உடன்பாடிராது, எனக்குமில்லை. ஆனால் அரை ஏக்கருக்கும் குறைவாக நிலமுடைய குடும்பத்தாருக்கே கடன் என்று அவ்வங்கி வகுத்த விதி, அந்தக் களத்து மேட்டில் கற்ற பாடம்.

2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததை நீங்கள் அறிவீர்கள். சிறுகடன் வறுமையை வேரறுக்கும் என்னும் புகழுரையை 2015இல் வெளியான ஆறு நாடுகளின் ஆய்வுகள் பெரிதும் தணித்தன. பயன் உண்டு, ஆனால் அளவானதே என்பது அவற்றின் முடிவு.

அவ்வங்கியில் தொடக்கத்தில் பெண்கள் கடன் பெற்றுச் செய்த தொழில்களுள் முதன்மையானது நெல் வாங்கிக் குத்தி அரிசியாக்கி விற்பது. பிறர் நெல்லை மிதித்தவள் தன் நெல்லைத் தானே குத்தினாள். ஆனால் அந்த ஆண்டுகளிலேயே ஊர்தோறும் அரிசி ஆலைகள் முளைத்தன. காலால் மிதித்துக் குத்தும் 'டேக்கி' என்னும் மர உலக்கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவற்றை நம்பியிருந்த பெண்கள் மீண்டும் வேறு வேலை தேடி நடந்தார்கள்.