யாருடைய உபயம்?

கோயிலில் எரியும் குழல்விளக்கின் வெளிச்சம் பாதி மறைந்தாலும் பாதகமில்லை, உபயதாரரின் பெயர் தெரிந்தால் போதும் என்று கொட்டை எழுத்தில் எழுதிவைப்பது நம்மவர் சம்பிரதாயம். பூச்சோங்கில் என் வீட்டு வாயிலில் வாரம் இருமுறையாவது வந்து விழும் பொட்டலங்களில் மட்டும் அப்படி ஒரு பெயரையும் காணோமே என்ற யோசனை, சென்ற தீபாவளிக்கு முன்பு, என் மருமகள் ஷாப்பி இணையக் கடையில் 12 வெள்ளிக்கு வாங்கிய வாசல் தோரணத்தைப் பிரித்த வேளையில் உண்டாயிற்று. எல்.டி.பி. நெடுஞ்சாலையின் சாயங்கால நெரிசலில் ஊர்ந்து வந்து அதைக் கொடுத்துப் போன பையனுக்குப் பெட்ரோலும் கூலியும் யார் தந்தார்கள் என்று கேட்டேன். “ஃபிரீ ஷிப்பிங், மாமா” என்றாள்.

அருகில், பத்து வயது முதல் ஃபிரீ ஃபயர் என்ற கைப்பேசி விளையாட்டை ஆடிவரும் என் பேரன், இப்போது மீசை அரும்பிய நிலையிலும் அதன் தீவில் குதித்துக்கொண்டிருந்தான். ஐம்பது பேர் இறங்கி ஒருவர் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்ளும் அந்தப் பத்து நிமிஷ யுத்தத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் வீரனின் அலங்காரத்துக்கு ‘வைரம்’ வேண்டும், வைரத்துக்கு நிஜமான வெள்ளி வேண்டும். தீபாவளி அங்பாவ் எத்தனையோ அதில் கரைந்திருக்கிறது. “இந்தச் சட்டையைப் போட்டால் குறி தப்பாதா?” என்றேன். “அதெல்லாம் இல்ல தாத்தா, பாக்கிறவன் பாப்பான்ல” என்றான். பட்டுச்சேலைக்கு அவன் பாட்டி சொன்ன நியாயமும் இதுவே ஆகையால் நான் வாயடைத்துப்போனேன்.

தாயின் பொட்டலமும் மகனின் வைரமும் ஒரே வீட்டுச் சொத்து என்பதுதான் விநோதம். சிங்கப்பூரில் 2009-இல் கரீனா என்ற பெயரில் விளையாட்டு வியாபாரம் தொடங்கி, 2015-இல் ஷாப்பியைத் திறந்து, 2017-இல் ஃபிரீ ஃபயரையும் வெளியிட்டு, அதே ஆண்டு நியூயார்க் பங்குச் சந்தையிலும் ஏறிய சீ நிறுவனம், விளையாட்டில் வந்த லாபத்தைக் கடையின் நஷ்டத்தில் பல வருஷம் கொட்டிற்று. இதில் ரகசியம் ஏதுமில்லை. காலாண்டுக் கணக்கிலேயே பிரத்தியட்சமாகக் கிடந்தது. 2022 பிப்ரவரியில் இந்தியா ஃபிரீ ஃபயரைத் தடை செய்தது. மறு மாதமே, உலகச் சந்தையின் நிலையின்மையைக் காரணம் காட்டி, ஷாப்பி அந்நாட்டுக் கடையை மூடிற்று. விளையாட்டு வருமானம் சரிந்ததும் சிக்கனம் பிறந்தது, விற்பவர்களிடம் பிடிக்கும் கமிஷன் ஏறிற்று, 2023-இல்தான் நிறுவனம் முதன்முதலாக வருஷ லாபம் கண்டது. உபயதாரர் மாறிவிட்டார், அவ்வளவே.

விளையாட்டைத் தூஷிப்பது என் நோக்கமன்று. கடைவீடுகளின் மாடியில் சைபர் கஃபேக்கள் நள்ளிரவுவரை விழித்திருந்த காலத்தில், மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து கவுண்டர் ஸ்டிரைக் ஆடிய என் மகன், எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்தே கொடுத்தான். 2024-இல் ரியாத்தில் மொபைல் லெஜெண்ட்ஸ் கோப்பை வென்ற நம் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணியைக் காட்டிப் பேரன் மார்தட்டும்போது எனக்கும் பெருமைதான். ஆனால் தான் தர்மம் செய்வது தனக்கே தெரியாத சிறுவனை உபயதாரர் ஆக்கிய சாமர்த்தியத்தை என்னால் மெச்ச இயலவில்லை.

பழைய பாக்கிக்காகப் பொட்டல அட்டையில் ‘உபயம்’ என்று எழுதி, அதன்கீழ் அவன் பெயரையும் எழுதி நீட்டினேன். “என்ன தாத்தா இது?” என்றவன், பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் தீவில் குதித்துவிட்டான்.