பாம்பை அடிப்பதா, பூட்ஸ் கேட்பதா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். கித்தாத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களோ நடுங்குவதில்லை, தடியைத் தேடுகிறோம். இவ்வழக்கத்தால் தொழிலாளிக்கு இதுவரை கிடைத்த லாபம் என்ன என்று நாம் கேட்கத் துணிகிறோம்.

கேலாங் கடைவீட்டு மாடிகளில் நெருக்கியடித்துத் தங்கும் தமிழ்த் தொழிலாளரில் சாலையோரப் புல் வெட்டுகிறவர்கள் உண்டு; காட்டோரப் பூங்காக்களில் சருகு வாருகிறவர்களும் உண்டு. பால்மரம் சீவுகிறவருக்கும் இவர்களுக்கும் சங்கடம் ஒன்றே. இருவருமே புதருக்குள் காலை வைத்துத்தான் கூலி வாங்க வேண்டும்.

சிங்கப்பூர்க் காட்டில் வேக்லர் குழிவிரியன் என்றொரு விஷப்பாம்பு உண்டு. புக்கித் தீமா காட்டிலும், நீர்த்தேக்கங்களைச் சுற்றிய நடுக்காட்டிலும் அது வாழ்கிறது. தென் தாய்லாந்து, மலாயா, சுமத்ராவிலும் காணலாம். பெண் பாம்பு கறுப்பும் மஞ்சளுமாகத் தடித்திருக்கும். ஆண் பச்சை நிறம், மெலிந்த உடல். இரண்டையும் வெவ்வேறு ஜாதி என்றே பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள குழியால் இரையின் உடற்சூட்டை அறிந்து இரவில் வேட்டையாடும். பகலெல்லாம், சில சமயம் நாள்கணக்கிலும், ஒரே கிளையில் அசையாமல் கிடக்கும். பினாங்குப் பாம்புக் கோயிலில் உள்ளவை இவையே. ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடப்பதாகப் பக்தர்கள் சொல்வர். புகையில்லாத காட்டிலும் அது அப்படித்தான் கிடக்கிறது!

சீவுகிறவரின் காலுக்கு எமனாக வருவது வேறொன்று. கெடா, பெர்லிஸ் பக்கத்துத் தோட்டங்களில் சருகுக்குள் சருகாகக் கிடக்கும் மலாயாக் குழிவிரியன் அது. மிதித்தால் கடிக்கும்; கடித்த பிறகும் பெரும்பாலும் ஓடாமல் அங்கேயே கிடக்கும். அதன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. பினாங்கு ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட் இதைக் கவனித்தார். அதே விஷத்திலிருந்து பின்னாளில் இரத்தக்கட்டிக்கு மருந்தும் எடுத்தார்கள். பாம்பின் பெயரால் மருந்துக் கம்பெனிகள் கண்ட லாபத்தில் கடிபட்ட காலுக்கு எவ்வளவு வந்தது என்று யாரும் கணக்கெழுதவில்லை. கிராணி வேலை பார்க்கிற நமக்குக் கணக்கு நினைவுதான் முதலில் வருகிறது.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2017-இல் பாம்புக்கடியைக் கவனிப்பாரற்ற வியாதிகளின் பட்டியலில் சேர்த்தது. கடிபடுகிறவர் ஏழை உழவரும் தோட்டத் தொழிலாளரும். கவனிப்பாரற்றுப் போனதன் காரணத்தை நாம் வேறு விளக்க வேண்டுமா?

இனி காட்டின் கதை. சிங்கப்பூரில் மிளகுக்கும் காம்பியருக்கும், பிறகு கித்தாவுக்கும் காடு அழிந்தது. மூலக்காட்டில் இன்று நூற்றுக்கு ஒரு பங்குகூட மிச்சமில்லை. 1980-களில் போட்ட விரைவுச்சாலை மீதிக் காட்டையும் இரண்டாகப் பிளந்தது. 2013-இல் அச்சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளத்தில் மரம் நட்ட பாலம் அமைத்தார்கள். அழுங்கு முதலிய பிராணிகள் அதைக் கடக்கின்றன. நல்ல காரியம். வேக்லர் விரியன் உலகில் இன்னும் அருகிப்போகவில்லை. ஆனால் மரத்தை நம்பிய பிராணிக்கு மரம் போனால் போக்கிடம் ஏது?

அங்கே வனவிலங்கை அனுமதியின்றிக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் இருப்பதைப் புல்வெட்டும் தோழருக்கு அவர் தாய்மொழியில் சொல்ல வேண்டியவர் யார்? பாம்பைக் கண்டால் விலகி நின்று யாருக்குத் தகவல் தருவது, கடிபட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி என்பதை வேலைக்கு எடுத்த அன்றே குத்தகைக்காரர் தமிழில் சொல்லட்டும். முழங்கால்வரை பூட்ஸும், இருட்டில் சீவுகிறவருக்குத் தலைவிளக்கும் நிர்வாகத்தின் செலவிலேயே வரட்டும். கூலியில் பிடித்துக்கொண்டு தரும் பூட்ஸை நாம் பூட்ஸாகக் கணக்கில் சேர்ப்பதாயில்லை.