காந்தி மார்க்கெட்டுக்குப் போன மண்

டவுனிலிருந்து வருகிற நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "யூரியாவைக் கொட்டி விவசாயிங்களே மண்ணைக் கெடுத்துட்டீங்களே?" பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொல்லிடுறேன், கேளுங்க.

முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம் தீவு. திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று வாழையும் நெல்லும் விளைகிற இந்தப் பூமி முழுக்க ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். அந்தக் காலத்தில் வெள்ளம் வடிந்தால் வயலில் ஒரு படை வண்டல் நிற்குமாம். காசு கொடுக்காத உரம் அது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. பாசனம் சீரானது, அதில் குறை சொல்ல நான் வரலை. ஆனா வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிப் போச்சு.

அப்புறம் மாடு. டிராக்டர் வந்ததும் உழவு மாடு போச்சு, அதோட சாணியும் போச்சு. அறுப்பு முடிந்தால் ஆட்டுக்கிடை போடுகிறதும் குறைந்துவிட்டது. வைக்கோலை மெஷினில் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றி விடுகிறோம்.

இப்படி மண்ணுக்கு வரவேண்டியது எல்லாம் நின்ற பிறகு, கைக்கு எட்டினது யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷ் அதைவிடக் கூட. வாழைக்குத் தழைச்சத்தைவிட சாம்பல் சத்துதான் அதிகம் வேணும். ஆனா கையிருப்பைப் பார்த்தால் எதை வாங்குவான் சம்சாரி? யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, வேறு சத்து கிடையாது. மண்புழுவுக்கு அதில் தீனியும் இல்லை. மண் பரிசோதனைச் சீட்டில் அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று போடுவார்கள். மட்கு குறைந்த மண் இறுகும். தண்ணியும் உள்ளே போகாது, வேரும் இறங்காது.

இதில் டவுன்காரங்களுக்கு என்ன பங்கு? இருக்கு. ஒவ்வொரு வாழைத்தார் வெட்டும்போதும் எங்க மண்ணின் சத்துதான் வண்டியேறுது. தார் காந்தி மார்க்கெட்டுக்கு, இலை உங்க கல்யாண மண்டபத்துக்கு. சாப்பிட்ட பிறகு அந்த இலையும் தோலும் எங்கே போச்சு? பல வருஷமா அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்கு. சுமார் 47 ஏக்கரில் மலையா குவிஞ்சு, அப்பப்போ தீப்பிடிச்சுப் புகைஞ்சது. வயலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய சத்து பாலிதீனோட கலந்து கிடந்தது. அதைத் தோண்டிப் பிரிக்க பல கோடி ரூபாய் செலவு.

இப்போ மட்கும் குப்பையைத் தனியா வாங்கி உரமாக்கும் மையங்களை மாநகராட்சி நடத்துது. நல்ல வேலை. ஆனா வீட்டு வாசலிலேயே பிரிக்காத குப்பையை எந்த மையமும் முழுசா சுத்தம் பண்ண முடியாது. ஒரு இடத்தில் பேசி வரவழைச்ச குப்பை உரத்தில் கண்ணாடிச் சில்லும் ஷாம்பு பாக்கெட்டும் கிடந்தது. வெறுங்காலோட வயலில் இறங்குறவங்களை வச்சுக்கிட்டு அதை எப்படிக் கொட்டுறது? வண்டியைத் திருப்பி அனுப்பிட்டேன்.

எங்க பங்கை நாங்க செய்யணும். நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைச்சு, பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழணும். தார் வெட்டின வாழைமரத்தை வரப்பில் தள்ளாமல் நறுக்கி வயலிலேயே மட்க விடணும். ஏரி குளத்து வண்டலை விவசாயிக்கு இலவசமா எடுக்க அரசு அனுமதி கொடுக்குது, கேட்டு வாங்கணும். மண் பரிசோதனை செய்யாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது.

உங்க பங்கு ரெண்டு வாளி, அவ்வளவுதான். சமையலறைக் கழிவு ஒன்றில், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் இன்னொன்றில். கல்யாண மண்டபத்திலும் இலையோட தண்ணி பாட்டிலைச் சேர்த்துச் சுருட்டிப் போடாதீங்க.

இயற்கைக் காய்கறி என்று பத்து இருபது கூடக் கொடுத்து வாங்குறீங்க, சந்தோஷம். அதோட அந்த வாழைப்பழத் தோலையும் சுத்தமா திருப்பிக் கொடுங்க. பொட்டாஷ் அதிலும் இருக்கு.