சம்பந்தியம்மாவோடு பேச ஒரு மொழி

கைபேசியை இரண்டு முகங்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு பேசுவது பேச்சே இல்லை என்பது என் கட்சி. என் மகன் எதிர்க்கட்சி. "அறுபத்தெட்டு வயசுல எதுக்குப்பா இந்தப் பாடு? போன்ல பேசுனா அதுவே ஸ்பானிஷ்ல சொல்லிரும்லா" என்றான். சொல்லிவிடும்தான். ஆனால் நாம் சொன்னதை அது சொல்லி முடிக்கும் வரைக்கும் எதிரே இருக்கிறவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறார். இப்படிப் பேசி நான் யாரோடும் நெருங்கிப் பழகியதில்லை. பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

எனக்கு ஏன் ஸ்பானிஷ் என்பதை நம்மூர்க்காரர்கள் பலர் ஏற்கெனவே அறிவீர்கள். மருமகள் மெக்சிகோ வம்சம். சம்பந்தியம்மாவுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வராது. டெக்ஸாஸில் அப்படி இருந்தே காலத்தை ஓட்டிவிடலாம். கடை, கோயில், வானொலி எல்லாவற்றிலும் அந்த மொழி இருக்கிறது. அமெரிக்காவில் நான்கு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ்தான் பேசுகிறார்கள். நாமோ அங்கே போய் ஆறு மாதம் இருக்கிறோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் இருப்பது நான், சம்பந்தியம்மா, மூன்று வயதுப் பேரன். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தாச்சா இல்லையா என்று யார் யாரிடம் கேட்பது? அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று இரண்டு மூடி உள்ளே போனால்? "யா லெ தியோ லா மெதிசினா?" என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். இதைக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் கூட ஆகாது.

மொழி என்றதும் இங்கே சிலருக்கு மூன்றாவது மொழிச் சண்டை நினைவுக்கு வரும். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். யாரும் திணிக்காமல் நானே போய் எடுத்துக்கொண்ட மொழி இது.

தமிழனுக்கு ஸ்பானிஷ் கஷ்டம் என்று சொல்பவர்கள் அதை ஆங்கிலம் வழியாகவே பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்க அரசு தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் ஸ்பானிஷ் கற்க 24 முதல் 30 வாரம், தமிழ் கற்க 44 வாரம் என்பது அவர்கள் கணக்கு. அந்த 44 வாரச் சரக்கு நம் நாக்கில் பிறவியிலேயே இருக்கிறது. அதில் பாதி ஸ்பானிஷுக்கும் உதவுகிறது.

எப்படி என்கிறீர்களா? "எனக்குக் காபி பிடிக்கும்" என்கிறோம். ஆங்கிலக்காரன் "நான் விரும்புகிறேன்" என்று தன்னை முன்னால் வைப்பான். ஸ்பானிஷ்காரர் நம்மைப் போல "மெ குஸ்தா எல் கஃபே" என்பார். மெ என்றால் எனக்கு. "எனக்கு முழங்கால் வலிக்கிறது" என்பதற்கு "மெ துவேலெ லா ரொதீயா". நம் வயதுக்காரர்களுக்கு இது முதல் பாடமாக இருக்க வேண்டும். எந்த ஊர்ப் பெரியவரிடமும் அரைமணி நேரப் பேச்சை இது தொடங்கிவைக்கும். வினையின் வாலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிப்பதும் நம் வழக்கம். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்றால் நான், நீ, நாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ் என்று அவர்களும் அதையே செய்கிறார்கள். நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு: தூ, உஸ்தேத். சம்பந்தியம்மாவுக்கு நான் உஸ்தேத், எனக்கும் அவர் உஸ்தேத். ஆங்கிலத்தில் இந்த மரியாதைக்கு இடமே இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது உறவுமுறை. சம்பந்தி என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மருமகளின் அம்மா என்று சுற்றி வளைக்க வேண்டும். ஸ்பானிஷில் கொன்சுவேக்ரா என்று ஒரே சொல், சம்பந்தியம்மா. ஆண் என்றால் கொன்சுவேக்ரோ. சகலைக்குக் கூடச் சொல் இருக்கிறது, கோன்குஞாதோ. சகலைக்கு ஒரு சொல் வைத்திருக்கும் சமூகத்தோடு நமக்கு ஒத்துப்போகாமல் இருக்குமா? பிள்ளைகளை அவர்கள் "மிஹோ" என்று கூப்பிடுவார்கள், என் மகனே என்று பொருள். சொந்த மகனாக இருக்க வேண்டும் என்பதில்லை, கடைக்கு வந்த பையனும் மிஹோதான். நாம் நாகர்கோவிலில் யாரைப் பார்த்தாலும் "மக்களே" என்பது போல. வந்தவரிடம் "யா கொமியோ?", அதாவது சாப்பிட்டாச்சா, என்று கேட்பதும் உண்டு. "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வருவதற்கு மெக்சிகோவில் "அவோரீத்தா" என்று பெயர்.

இனி எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்துகள் உண்டு.

முதலில், நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஆங்கில உச்சரிப்பு வந்து கெடுக்கும். ஸ்பானிஷில் ஐந்தே உயிரொலிகள், எல்லாம் நமக்குத் தெரிந்தவை. தகரம் நம் தகரமேதான், நுனிநாக்கு ஆங்கில டகரம் இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவில் தனியாக வரும் த, க இரண்டும் தமிழில் மெலிந்து ஒலிக்கும் அல்லவா? ஸ்பானிஷிலும் அந்த மெல்லிய ஒலிகள் இருக்கின்றன. நாதா என்றால் ஒன்றுமில்லை, அமிகோ என்றால் நண்பன், எழுதியபடியே படித்தால் சரியாக வரும். வல்லொலி வேண்டுமானால் இரட்டித்து எழுதுகிறேன்: பாத்தோ, போக்கோ. பாத்தோ என்றால் வாத்து. போர்த்துகீசியரிடமிருந்து நாம் வாங்கிய சொல் அது, ஸ்பானிஷ் அந்த மொழியின் உடன்பிறப்பு. மேசைக்கு மேசா, அலமாரிக்கு அர்மாரியோ, சாவிக்கு யாவே, மேஸ்திரிக்கு மாயெஸ்த்ரோ. இவற்றையெல்லாம் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டுமா என்ன?

நாளை என்பதற்கு மஞானா. இதில் வரும் ஞகரத்தை ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் பாடுபட்டு உடைத்து உச்சரிப்பார்கள். பெரோ என்றால் ஆனால், அதே சொல்லில் நாக்கு உருண்டு பெறோ என்றால் நாய். சென்னைக்காரர்களுக்கு ரவும் றவும் ஒன்றாகிவிட்டன. நாஞ்சில் நாட்டில் இன்னும் றகரத்தை உருட்டிச் சொல்கிறவர்கள் இருக்கிறோம், நாயும் ஆனாலும் நமக்குக் குழம்பாது. ஒரே ஒரு இடத்தில் தமிழ் எழுத்து காலை வாரும். பெசோ என்று எழுதினால் அது எடையா முத்தமா என்று தெரியாது. கடினமான ப என்றால் எடை, மெக்சிகோ நாணயமும் அதுதான். மெல்லிய ப என்றால் முத்தம். சம்பந்தியம்மாவிடம் பேசும்போது இதில் கவனம் தேவை. என் நோட்டில் மெல்லியதற்கு அடியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, தனிச்சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடாதீர்கள். முழு வாக்கியமாக வாயில் ஏற்றுங்கள். நம் கோட்டாறு சவேரியாரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஸ்பெயினில் சேர்ந்த நவர்ரா பகுதியில் 1506-ல் பிறந்தவர். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழில் ஒரு சொல் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அப்படியே மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். இலக்கணம் படித்து முடித்துவிட்டுப் பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழை முறையாகப் படித்து இலக்கணமே எழுதினார், 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டார். மொழியை ஆழமாகக் கற்றவர் அவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் மாதம் சவேரியார் வழி. ஆயுள் இருந்தால் பிறகு அண்ட்ரிக் அடிகளார் வழிக்குப் போகலாம்.

வாக்கியம் மறந்துபோகிறதே என்பீர்கள். மறக்கத்தான் செய்யும், அதற்கு வயதைப் பழிக்க வேண்டாம். பால் பிம்ஸ்லர் என்ற மொழியாசிரியர் 1967-ல் இதற்கு ஒரு கால அட்டவணை எழுதினார். கேட்டதை ஐந்து நொடியில் ஒருமுறை நினைவுகூர வேண்டும், பிறகு இருபத்தைந்து நொடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி, ஐந்து மணி, ஒரு நாள், ஐந்து நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். மறக்கப்போகும் நேரத்தில் இழுத்துப் பிடிப்பதுதான் சூத்திரம். நான் காலை நடையில் சத்தமாகவே சொல்லிக்கொண்டு நடக்கிறேன். ஓய்வுபெற்றவன் தனியாகப் பேசிக்கொண்டு போனால் ஊர் என்ன நினைக்கும் என்ற கவலை எனக்கு இல்லை, காதில் போன் மாட்டியவர்கள் எல்லோரும் இப்போது அப்படித்தான் போகிறார்கள்.

புள்ளியும் பதக்கமும் கொடுக்கும் கைபேசி ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. சரியான கட்டத்தைத் தொடுவது வேறு, வாயைத் திறப்பது வேறு. நூறு நாள் விடாமல் தொட்டவரைப் பார்த்திருக்கிறேன், ஒரு காபி கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதில் மிஹாலிஸ் எலெஃப்தெரியூ என்பவர் லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் இலவசமாகப் போட்டிருக்கும் தொண்ணூறு ஒலிப் பாடங்களைக் கேளுங்கள். ஆங்கிலத்தில் விளக்குகிறார், நிறுத்தி நிறுத்தி நம்மைச் சொல்லவைக்கிறார். கண்ணுக்கும் வேலை வேண்டும் என்பவர்களுக்கு தெஸ்தினோஸ் என்று 1992-ல் வந்த தொடர் இருக்கிறது, ஐம்பத்திரண்டு பாகம். கற்பவர்களுக்காகவே எடுத்த குடும்பக் கதை. நம் சீரியல்களை விடக் கண்ணீர் குறைவு.

இலக்கணத்தில் இப்போதைக்கு நான்கு கொக்கிகள் போதும். போய் ஆ, தெங்கோ கே, கியேரோ, புவேதோ. இவற்றின் பின்னால் வினையை முழுதாக வைத்தால் முடிந்தது. போய் ஆ கொமேர் என்றால் சாப்பிடப் போகிறேன். (போய் என்றால் போகிறேன், இதை மறப்பவர் யார்?) மற்ற மூன்றும் செய்ய வேண்டும், விரும்புகிறேன், முடியும். மேசை பெண்பால், நாள் ஆண்பால் என்று உயிரில்லாத பொருளுக்கெல்லாம் பால் வைத்திருக்கிறார்களே, அதற்குக் கவலைப்பட வேண்டாம். மாற்றிச் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்ல வர வேண்டும். இன்னும் மெதுவாக, தயவுசெய்து என்று பொருள். தெஸ்பாசீத்தோ பாட்டு 2017-ல் வந்தபோது நம் பேரப்பிள்ளைகள் ஆடினார்களே, அது இந்தச் சொல்லின் செல்லப் பிள்ளைதான்.

என் மகனுக்கு நான் சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது, இங்கே எழுதுகிறேன். சம்பந்திகளுக்குள் பேச வேண்டிய சில விஷயங்களைப் பிள்ளைகளை வைத்து மொழிபெயர்க்க முடியாது. பெண்ணைக் கொடுத்த தாய் பெண்ணைப் பற்றிச் சொல்ல நினைப்பதை அந்தப் பெண்ணே எப்படி மொழிபெயர்ப்பாள்? ஒரு நாள் மாலை, பேரன் தூங்கிக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "எஸ் தெர்க்கா, பெரோ எஸ் புவேனா. தெங்காலெ பசியென்சியா." பிடிவாதக்காரி, ஆனால் நல்லவள். அவளிடம் பொறுமையாக இருங்கள். ஆறு மாதப் படிப்பில் எனக்கு வந்த பதில் மூன்று சொல்தான். "மி இஹோ தாம்பியேன்." என் மகனும் அப்படித்தான். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குக் காபியில் சர்க்கரை எவ்வளவு என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

டிசம்பரில் அவர்கள் எல்லோரும் இங்கே வருகிறார்கள். கோட்டாறு திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். சவேரியார் அவர்களுக்கு ஹவியேர், கதை கேட்காமல் விடமாட்டார். வந்தார், நடந்தார், மணி அடித்தார்: வீனோ, காமினோ, தொக்கோ லா கம்பானா. எல்லாமே இறந்தகாலம். என் நோட்டில் அந்தப் பக்கங்கள் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. வடசேரி சந்தையில் விலை சொல்ல இருபதுக்கு மேல் எண்களும் வேண்டும்.